தென்சென்னை மடக்குக்கத்தி அபிமானிகள் சங்கம்

மாடம்பாக்கம்
9-6-2024

மதிப்பிற்குரிய சம்பந்தி சம்பத் அவர்களுக்கு யக்ஞநாராயணன் நமஸ்காரம்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கங்கையம்மாளுக்குச் சர்க்கரை இறங்கிற்றா? என் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. நான் அபிதாவுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறேன்.

பொழிச்சலூர் இங்கிருந்து ஸ்கூட்டரில் போய்விடுகிற தூரம். அதற்குப் போய் ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் போடுகிறாரே மனுஷர் என்று நினைப்பீர்கள். வேறு வழி? எங்கள் ஸ்ம்ருதி பெட்டியோடு இங்கே வந்து, உங்கள் வெற்றிவேல் அங்கே தனியாக நின்றதிலிருந்து நான் உங்கள் வாசற்படி மிதிக்க முடியவில்லை, நீங்கள் என் வீட்டுக் காப்பி குடிக்க முடியவில்லை. போனில் பேசலாமென்றால் நான் பேசுவது தெருக்கோடி வரை கேட்கிறதாம். அதோடு, போனில் அனுப்புகிற படத்தில் கத்தியின் அளவு தெரிகிறதா? காலமெல்லாம் டிராயிங் ஆபீஸில் கோடு போட்டவன் நான். கத்தியைத் தாளில் வைத்து, சுற்றிப் பென்சில் ஓட்டினால்தான் எனக்குத் திருப்தி.

ஆகவே கடிதம். இரண்டு நிபந்தனை. முதலாவது, பிள்ளைகள் பேச்சே இதில் வரக்கூடாது. அதை அவர்களும் வக்கீல்களும் பார்த்துக்கொள்ளட்டும். நாம் வாயைத் திறந்தால் நீங்கள் உங்கள் பிள்ளை பக்கம், நான் என் பெண் பக்கம் என்று ஆகிவிடும். மிச்சமிருக்கிற சிநேகிதமும் போய்விடும். இரண்டாவது, உறையில் அனுப்புநர் இடத்தில் நம் பெயர் வேண்டாம். 'தென்சென்னை மடக்குக்கத்தி அபிமானிகள் சங்கம்' என்று போட்டிருக்கிறேன். நீங்களும் அப்படியே போடுங்கள். நீங்கள் தலைவர், நான் செயலாளர். வேறு உறுப்பினர் கிடையாது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குத் தனியாகப் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் உடைந்த மிக்ஸி மூடிகளுக்கு அடியில் ஒரு பட்டாளத்துக் கத்தி அகப்பட்டது. அகலமாக ஒரே அலகு, முதுகுப்பக்கம் முடிச்சவிழ்க்கிற ஊசி, அலகின் அடியில் அம்புக்குறி. திறந்தால் 'டக்' என்று ஓர் அதட்டல். எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. திரும்பி, "பார்த்தேளா?" என்றேன். பக்கத்தில் குடை ரிப்பேர் செய்கிறவர் நின்றுகொண்டிருந்தார்.

வரைபடம் பின்பக்கத்தில். கல்யாணத்தன்று நான் உங்களுக்குக் கொடுத்தேனே, எருமைக்கொம்புப் பிடி போட்ட இரட்டை அலகுக் கத்தி, அதையும் திறந்து ஒரு தரம், மூடி ஒரு தரம் வரைந்து அனுப்புங்கள். இந்தக் கத்தியோடு ஒப்பிட வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
யக்ஞநாராயணன்


பொழிச்சலூர்
20-6-2024

அன்புள்ள சம்பந்தி சாருக்கு சம்பத் வணக்கம். நீங்களும் அபிதாம்மாவும் நல்லபடியாக இருக்க எங்கள் அகத்தீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். என் முழங்காலுக்கு மட்டும் அவர் காது கேட்கமாட்டேன் என்கிறார்.

உங்கள் லெட்டரைப் பார்த்ததும் கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே சிரித்துவிட்டேன். அரை அங்குல ஆணி கேட்டு வந்தவருக்கு ஒரு அங்குல ஆணி கொடுத்து அனுப்பிவிட்டேன். உறையை முதலில் வாங்கியது கங்கைதான். "இன்னாய்யா இது, கத்திக்கு ஒரு சங்கமா? பேரன் எடுக்குற வயசுல உனுக்கு ரவுடிங்க சகவாசமா?" என்றாள். நான்தான் தலைவர் என்று சொல்லவில்லை.

பட்டாளத்துக் கத்திக்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. அதிலிருந்தே தெரிகிறது, நன்றாக ஏமாந்திருக்கிறீர்கள். அடுத்த தடவை கத்தியைக் கையில் எடுத்துச் சிரிக்காதீர்கள். கொட்டாவி விடுங்கள். விலை தானாக இறங்கும்.

நானும் ஒன்று பிடித்திருக்கிறேன். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பழம் நறுக்க வைத்திருந்தது போல இருக்கிறது. சுண்டுவிரல் நீளம், முத்துச்சிப்பிப் பிடி, நகம் வைத்துத் திறக்கிற பள்ளம்கூடப் பிறைச்சந்திரன் மாதிரி. அலகு கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். படம் இத்துடன்.

பம்மல் மெயின் ரோட்டைத் தோண்டிப்போட்டிருக்கிறார்கள். கடைக்கு யாரும் வருவதில்லை. எழுத நேரம் இருக்கிறது. பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தலைவர் சம்பத்


மாடம்பாக்கம்
2-7-2024

அன்புள்ள சம்பந்திக்கு நமஸ்காரம். முழங்காலுக்குப் பிண்டத்தைலம் போட்டுப் பாருங்கள். எனக்குக் கேட்டது.

புளியா! ராம ராமா! அது என்ன செப்பு அண்டாவா? அந்தக் கறுப்பு அழுக்கில்லை, ஓய். எத்தனையோ வருஷம் எத்தனையோ பழத்தின் சாறு பட்டுப் பட்டு இரும்பு தானாகப் போட்டுக்கொண்ட நிறம். அது இருந்தால்தான் பழைய கத்தி. இல்லாவிட்டால் நேற்றுப் பிறந்த எவர்சில்வர். சிவப்புத் துருவை மட்டும் எண்ணெய் விட்டு ஊறவைத்து மெத்தென்ற துணியால் எடுக்க வேண்டும். அவசரம் கூடாது. இதை உங்களுக்கு எத்தனை வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பேன்! ஆனாலும் உங்கள் படத்தைப் பார்த்தபோது அந்தப் பிறைச்சந்திரப் பள்ளத்தின் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கூத்து. அபிதா என் கத்திப் பெட்டியைப் பூஜை அறைக்கு நேர் எதிரிலிருந்து மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டாள். "எலும்புப் பிடி, கொம்புப் பிடின்னு ஆத்துல சேர்த்து வெச்சுண்டு இருக்கேளே, அது போறும். கல்யாண மண்டபத்துல, அத்தனை பேர் நடுவுல, சம்பந்தி கையில கத்தியைக் குடுத்த ஒரே மனுஷர் நீங்கதான். கத்தியைக் கையில குடுத்தா ஒறவு அறுந்துடும்னு கொழந்தைக்குக்கூடத் தெரியும். கீழ வெச்சிருந்தா அவர் எடுத்துண்டிருக்க மாட்டாரா?" என்கிறாள்.

வாஸ்தவம். காய் நறுக்கக்கூடக் கத்தியைத் தரையில் வைத்து, மற்றவர் எடுத்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டிலும் வழக்கம். அன்றைக்கு நாயனச் சத்தத்தில், நீங்கள் பட்டு வேஷ்டியில் எதிரே வந்த சந்தோஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. உங்களுக்கும் தோன்றவில்லை. கையை நீட்டி வாங்கிவிட்டீர்கள்.

அந்தக் கத்தியின் படம் வரவில்லையே. மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

அன்புடன்,
யக்ஞநாராயணன்


பொழிச்சலூர்
28-8-2024

அன்புள்ள சம்பந்தி சாருக்கு வணக்கம். பதில் போட நாளாகிவிட்டது, கோபம் வேண்டாம். ஆடி மாதம் முழுக்க அம்மனுக்குக் கூழ், அலகு, தேர் என்று தெருவே அமர்க்களம். நான் வேறு விழாக் கமிட்டியில் மாட்டிக்கொண்டேன். உங்கள் பிண்டத்தைலம் முழங்காலை விட்டுவிட்டு வேஷ்டியைத்தான் பிடித்துக்கொண்டது. கறை போகவில்லை. அபிதாம்மா சௌக்கியமா?

புளி விஷயத்தில் நீங்கள் திட்டியது நியாயம். அந்தச் சீமாட்டிக் கத்தியில் தினம் கொஞ்சம் மாம்பழமும் எலுமிச்சம்பழமும் நறுக்கி மறுபடி கறுக்க வைக்கப் பார்க்கிறேன். நமக்கு ஆகும் வயசு அதற்கும் ஆகட்டும்.

ஒரு சந்தேகம். என் மரப்பிடிக் கத்தி ஒன்று திறக்கும்போது சத்தமே போடுவதில்லை. நீங்கள் சொல்வீர்களே, நல்ல கத்தி போகும்போது ஒரு வார்த்தை, வரும்போது ஒரு வார்த்தை சொல்லும் என்று. இது ஊமையாக இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா, அடியில் அழுக்கு சேர்ந்திருக்கிறதா? படம் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட கத்தியை மறக்கவில்லை. பீரோ சாவி கங்கையிடம் இருக்கிறது. சமயம் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
சம்பத்


மாடம்பாக்கம்
17-11-2024

அன்புள்ள

மேலே அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு பேனாவை மூடி வைத்தேன். காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தேன்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் எல்லாம் முடிந்தது. உங்களுக்கும் சேதி வந்திருக்கும். நிபந்தனைப்படி அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. என் கவலை வேறு. இனி உங்களை நான் என்னவென்று கூப்பிடுவது? சம்பந்தி என்றால் பொய். சார் என்றால் ஏதோ பேங்க் மேனேஜருக்கு எழுதுவது போல இருக்கிறது. வெறும் சம்பத் என்று எழுதக் கை வரவில்லை. மாமனுக்கும் மச்சானுக்கும் ஓரகத்திக்கும் சகலைக்கும் பேர் வைத்த பாஷையில், போன சம்பந்திக்கு ஒரு பேர் கிடையாது. புருஷன் பெண்டாட்டி பிரியச் சட்டம் இருக்கிறது. சம்பந்தியும் சம்பந்தியும் பிரியத்தான் வேண்டும் என்று எங்கேயாவது சட்டம் இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்க நினைத்தேன். அதற்கும் ஃபீஸ் போடுவார் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் ஊமைக் கத்திக்கு வைத்தியம் சொல்லாமலே இருந்துவிட்டேன். மூன்று கடிதமும் இரண்டு போஸ்ட்கார்டும் அதைப் பற்றியே எழுதி, அனுப்பாமல் கிழித்தேன். ஒன்றுமில்லை, மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, பல் குத்தும் குச்சியால் உள்ளே இருக்கிற பிசுக்கை எடுங்கள். பேசும்.

சீர் சாமான், நகை எல்லாம் அவரவர் வீடு போய்ச் சேர்ந்தாயிற்று. "கத்தியும் திரும்பி வரணுமே" என்று அபிதா நேற்று ஆரம்பித்தாள். நான் சொல்லிவிட்டேன்: அது கல்யாணத்துக்குக் கொடுத்ததில்லை, அந்த மனுஷருக்குக் கொடுத்தது. ஆகவே நீங்கள் அதைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஒரு படம் மட்டும் போட்டு அனுப்பினால் போதும். அது அங்கே உங்களோடு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் எனக்கு ஒரு தெம்பு.

மழை அதிகமாக இருக்கிறது. ஜாக்கிரதை. கங்கையம்மாளுக்கு என் நமஸ்காரம் சொல்ல முடியாது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

யக்ஞநாராயணன்


பொழிச்சலூர்
4-12-2024

அன்புள்ள சம்பந்தி சாருக்கு,

நான் இப்படித்தான் எழுதுவேன். கோர்ட்டு வேறு, வாய்ப்பழக்கம் வேறு. உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்கட்டும். இங்கே அடையாறு கரை முட்டிப் போகிறது, வீட்டுக்குள் வரவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். இனிமேலும் பீரோ சாவி, சமயம், கிமயம் என்று கதை விட்டால் நான் மனுஷனே இல்லை. சார், அந்தக் கத்தி என்னிடம் இல்லை. உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்னாடியே இல்லை.

ஸ்ம்ருதி போன கொஞ்ச நாளில், ஒரு நாள் அதை எடுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கங்கை பார்த்துவிட்டாள். "இந்த சனியனக் கையில வாங்குனியே, அன்னிக்கே அறுந்துச்சுய்யா என் புள்ள குடும்பம்! இன்னும் வெச்சிக் கொஞ்சிக்கினு கீறே!" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். நான் செருப்பைத் தேடுவதற்குள் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள். அனகாபுத்தூர் பாலத்து மேலே நின்று ஆற்றில் வீசிவிட்டு வந்தாள். வந்து, "ஆடு பகை, குட்டி ஒறவா?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். ரெண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அவளை நான் திட்டவில்லை. நீங்களும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கோடையில் தண்ணீர் வற்றியபோது இறங்கித் தேடினேன். ஆகாயத்தாமரையும் சேறும்தான். பாலத்தில் நின்ற போலீஸ்காரர், "இன்னா பெரியவரே, இன்னாத்தத் தேடறே?" என்றார். கத்தி என்று சொன்னால் வேறு வம்பு. பல்செட்டு விழுந்துவிட்டது என்றேன்.

நீங்கள் எனக்கென்று கொடுத்தது. அதைக் காப்பாற்ற எனக்குத் துப்பில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சம்பத்


பொழிச்சலூர்
16-1-2025

அன்புள்ள சம்பந்தி சாருக்குப் பொங்கல் வாழ்த்துகள். அபிதாம்மாவும் நீங்களும் சுகமாக இருக்கிறீர்களா?

கடிதம் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் இல்லை. கோபம் என்றால் கோபம் என்று ஒரு கார்டு போடுங்கள். புளிக்குத் திட்டியது போலத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். போன வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் சந்தைக்குப் போய், நீங்கள் வழக்கமாகக் குனிகிற விரிப்புப் பக்கத்திலேயே மத்தியானம் வரைக்கும் நின்றேன். நீங்கள் வரவில்லை. கத்தி போனதைவிட இது பெரிய பேஜார், சார்.

ஊமைக் கத்தி இப்போது பேசுகிறது. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

சம்பத்


மாடம்பாக்கம்
27-1-2025

அன்புள்ள சம்பத் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலம் வேண்டுகிறேன்.

கத்தி ஆற்றோடு போனதில் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். ஆனால் நான் பதில் போடாததற்கு அது காரணம் இல்லை. உங்கள் டிசம்பர் கடிதத்தை வாசலில் வாங்கியது ஸ்ம்ருதி. சங்கத்தின் பேரைப் பார்த்து முதலில் சிரித்தாளாம். அப்புறம் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள். உங்கள் கடைப் பில்லில் எத்தனை தரம் பார்த்த கையெழுத்து! பிரித்துப் படித்தாள். என் மேஜை டிராயரைத் திறந்து பாக்கியையும் படித்தாள். நான் அனுப்புமுன் நகல் எடுத்து வைக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு, "நன்னா இருக்குப்பா" என்று சொல்லி மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து காப்பி, சாவி, கேட் என்பதற்கு மேல் என்னோடு பேச்சில்லை.

கோர்ட்டுப் படி ஏறி இறங்கிய பெண். அவள் முதுகுக்குப் பின்னால் நான் அந்த வீட்டோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததாகத்தானே அவளுக்குப் படும்? அவளைவிட எனக்கு எதுவும் பெரிதில்லை. நம் சங்கத்தைக் கலைத்துவிடுவோம். இதற்குப் பதில் வேண்டாம்.

உங்களைப் போல ஒருவர் எனக்கு இந்த வயசில் கிடைத்தது என் அதிர்ஷ்டம். அதை மட்டும் சொல்லாமல் முடிக்க முடியவில்லை.

யக்ஞநாராயணன்


மாடம்பாக்கம்
9-2-2025

மாமாவுக்கு,

நமஸ்காரம். ஸ்ம்ருதி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி பற்றி எனக்கு எல்லாம் தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. அத்தை சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார்களா?

அப்பா உங்களுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தின் நகலையும் பார்த்தேன். அப்பா நினைப்பது தப்பு. நீங்கள் இரண்டு பேரும் சிநேகிதமாக இருக்கிறீர்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. சொல்லப்போனால் எங்கள் கல்யாணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

என் கோபம் என்ன தெரியுமா? எல்லாக் கடிதத்தையும் வரிசையாக வைத்துப் படித்தேன். பட்டாளத்துக் கத்திக்கு ஒரு பக்கம். புளியைப் பற்றி அரைப் பக்கம். சத்தம் போடாத ஒரு ஸ்பிரிங்கைப் பற்றி அப்பா கிழித்துப் போட்டதே ஐந்து. முழங்கால், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, அடையாற்றுத் தண்ணீர் எல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். 'ஸ்ம்ருதி எப்படி இருக்கிறாள்?' என்று நீங்கள் ஒரு வரி கேட்கவில்லை, மாமா. ஒரு வரி. 'வெற்றி சாப்பிடுகிறானா?' என்று அப்பாவும் கேட்கவில்லை. மரியாதையாம். நிபந்தனையாம். ஒரு துருப்பிடித்த இரும்பை எப்படிப் பதமாகத் தொட வேண்டும் என்று தெரிந்த இரண்டு பேருக்கு, என்னைத் தொடாமல் இருப்பதுதான் மரியாதை என்று எப்படித் தோன்றியது?

ஆபீஸிலிருந்து நான் வந்ததும் கொய்யாப்பழத்தை நறுக்கி, கொட்டைப் பக்கத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஓரத்துண்டாகப் பார்த்து எனக்கு மிளகாய்ப்பொடி தூவித் தருவீர்கள். மழை வந்தால் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு ரெயின்கோட்டோடு வந்து நிற்பீர்கள். அந்த வீட்டைவிட்டு வந்த அன்று ஆட்டோவில் நான் அழுதேன். வெற்றியை நினைத்து இல்லை. அதெல்லாம் அதற்கு முன்னாடியே அழுது தீர்ந்துவிட்டது. உங்களை நினைத்துத்தான் அழுதேன். அன்று சாயங்காலம் போன் செய்வீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். அப்புறம், மாமாவுக்கு என் மேல்தான் கோபம் போலிருக்கிறது, தப்பு என் மேல்தான் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். இத்தனை நாளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் நீங்கள் இதே வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள்!

அப்பாவுக்கு எழுதுங்கள். ராத்திரி பகல் வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பார்க்கச் சகிக்கவில்லை. நானும் நாளையிலிருந்து அவரோடு பேசிவிடுவேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

ஸ்ம்ருதி


பொழிச்சலூர்
14-2-2025

ஸ்ம்ருதிம்மா,

நல்ல தமிழ்ல எழுதணும்னு நாலு தபா ஆரம்பிச்சேன். 'நலம் நலமறிய'ன்னு வந்துச்சு. கிழிச்சுட்டேன். பேசற மாதிரியே எழுதறேன், கண்டுக்காத.

எப்டிம்மா கீறே?

உன் லெட்டர் கடைக்கு வந்துச்சு. படிச்சுட்டு ஷட்டர எறக்கிட்டு உள்ளயே உக்காந்துக்கினேன். யாரோ வந்து தட்டினாங்க, தொறக்கல. உன் மேல எனக்கு இன்னாத்துக்கும்மா கோவம்? உன் மேல தப்புன்னு ஒரு நாளும் நான் நெனச்சதில்ல. வெற்றிகிட்டயே சொல்லிக்கீறேன். உன்கிட்ட சொல்லல பாரு, அங்கதான் நான் தப்பு.

உங்க அப்பா நிபந்தனை போட்டாரு, நான் சரின்னேன். ஆனா அவரு மேல பழிய போடமாட்டேன். எனக்கும் அது சவுரியமாத்தான் இருந்துச்சு. உண்மைய சொல்றேன் கேளு. எப்டிக் கீறேன்னு கேட்டா நீ மழுப்பமாட்டே, உள்ளத சொல்லிடுவே. 'நான் நல்லா இல்ல மாமா, உங்க புள்ளயாலதான்'னு நீ சொல்லிட்டா நான் இன்னா பண்றது? அவன் என் புள்ளம்மா. தெனம் எதிர்ல உக்காந்து சோறு துன்றான். அவன் மூஞ்சிய எப்டிப் பாப்பேன்? அந்தப் பயத்துலதான் பிடி, அலகு, துருன்னு பக்கம் பக்கமா எழுதிக்கினு இருந்தேன். அன்னிக்கு சாயங்காலம் போனக் கையில எடுத்தேன். உன் பேரு வரைக்கும் போனேன். வெச்சுட்டேன். மறுநாளும் அதேதான். அப்புறம் நாளாயிட்ச்சு, இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு பேசறதுன்னு ஆயிப்போச்சு.

உங்க அத்தைகிட்ட உன் லெட்டரப் படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டா. எந்திரிச்சு வூட்டுக்குப் பின்னால போய்ட்டா. கொஞ்ச நேரங்கழிச்சு வந்து, "எளச்சிப் போயிடுச்சான்னு கேளு"ன்னா. "நீயே கேளேன்"னேன். "எனுக்கு வாய் வராதுய்யா, நீ எழுது"ன்னா. அவளும் கேக்குறா, சொல்லு. எளச்சிட்டியா?

அப்பாவுக்கு நாளைக்கு எழுதறேன். உனக்குத்தான் மொதல்ல.

இனிமே கேக்குறதுக்கு பயப்படமாட்டேன். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னே எழுது. என் புள்ளயத் திட்டணும்னா திட்டு, படிச்சுக்கிறேன். என்னைத் திட்டணும்னா அதுக்கும் எடம் வுட்டு எழுது. நேத்து இன்னா சாப்ட்டே, தூக்கம் வருதா, ஆபீஸ்ல யாருகூடப் பேசறே, எல்லாம் வேணும் எனக்கு. நீ பதில் போடற வரைக்கும் தெனம் ஒரு கார்டு வரும், தெனமும் இதேதான் கேப்பேன்.

எப்டிம்மா கீறே?

மாமா